நாலு மணி எமரால்டு பஸ்

“சார்... உங்க பாட்டி மறுபடியும் செடிகளை மொட்டையடிச்சிட்டாங்க!”

காலங்காத்தாலே இப்படி ஒரு போன் வந்தால் என்ன பதில் சொல்வது? பள்ளிக்கூடத்துப் பையன் என்றால் காதைப் பிடித்துத் திருகலாம். பாட்டிக்கு வயசு எண்பத்தொன்று! “ஸாரி மேடம், வந்து பார்க்கறேன்” என்று அசடு வழிந்துவிட்டு போனை வைத்தேன்.

பேசியவர் கோயமுத்தூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்து மேனேஜர். (எந்த இல்லம் என்று கேட்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் விஷயமே!) ‘பாட்டி’ என்று அவர் சொன்னது என் அம்மாயியை. அம்மாவைப் பெற்றவள். டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்து, வீட்டில் தனியாக விட முடியாமல், மூன்று வருஷமாக அங்கே இருக்கிறாள்.

அம்மா 2019-லேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் அம்மாயியும்தான். ஒரு நாள் ராத்திரி கேஸ் அடுப்பைத் திறந்து விட்டுவிட்டு, பற்ற வைக்க மறந்து, திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தாள். தெரு முழுக்க நாற்றம். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இல்லம். ‘பெத்தவளைப் பெத்தவளைக் கொண்டுபோய்த் தள்ளிட்டான்’ என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசினவர்களில் ஒருத்தர்கூட ‘ரெண்டு நாள் எங்க வீட்ல வெச்சுக்கறோம்’ என்று சொல்லவில்லை. அது கிடக்கட்டும்.

சேட்டை நோட்டு

போனேன். மேனேஜரம்மா ஒரு ரிப்போர்ட் நோட்டை எடுத்துக் காட்டினார். அம்மாயியின் ஒரு நாள் அதில் இப்படி இருந்தது:

‘காலை 6: குளிக்க மறுத்தார். ஆயாவை அடித்தார்.’

‘காலை 10: தோட்டத்தில் செடிகளைச் சேதப்படுத்தினார்.’

‘மாலை 4: கேட்டைத் திறக்கச் சொல்லிக் கூச்சல். பஸ், பாப்பா என்று சம்பந்தமில்லாத பேச்சு. பொம்மை கொடுத்தும் பயனில்லை.’

‘இரவு: மாத்திரை கொடுக்கப்பட்டது. அமைதியாக இருந்தார்.’

அந்த ‘அமைதி’யை நேரில் பார்த்தேன். மணி பதினொன்று. வாயில் இட்லியை வைத்துக்கொண்டு, மெல்லாமல், தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் முந்தின வாரம் பாத்ரூம் வாசலில் விழுந்து நெற்றியில் மூன்று தையல். “இப்படியே போனா எங்களால வெச்சுக்க முடியாது சார். வேற இடம் பாருங்க” என்றார் மேனேஜர். வேறு இடம் என்று எங்கே பார்க்க?

நான் பி.காம். படித்தவன். துக்கம் வந்தாலும் முதலில் பில்லைத்தான் பார்ப்பேன். அந்த மாதத்து பில்லில் அறை வாடகை இருந்தது, சாப்பாடு இருந்தது, ஆயா சார்ஜ், லாண்டரி, டயபர், மாத்திரை எல்லாம் தனித்தனியாக இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. அம்மாயியோடு யாராவது உட்கார்ந்து பேசிய கணக்கு! குறை சொல்லவில்லை. போன மூன்று வருஷத்தில் என் கணக்கிலும் அந்தப் பத்தி காலிதான். போவேன், பழம் கொடுப்பேன், “சாப்ட்டியா? நான் யாருன்னு தெரியுதா?” என்று பரீட்சை வைப்பேன், ஃபெயில் மார்க் போட்டுவிட்டு அடுத்த பஸ் பிடிப்பேன்.

சாவி தொலைந்தால் மறதி. சாவி எதற்கென்றே தெரியாவிட்டால்?

டிமென்ஷியா என்பது ஒரே வியாதி இல்லை. பல வியாதிகளுக்குப் பொதுவான குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளை அல்ஸைமர். வயசானால் எல்லோரும் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவோம். அது சாதாரண மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது எதுக்கு?’ என்று விழிப்பதுதான் நோய். ‘ஓ காதல் கண்மணி’ (2015) படத்தில் பிரகாஷ்ராஜின் மனைவியாக லீலா சாம்சன் வருவாரே, அதே நோய்தான்.

2023-ல் வெளியான ஓர் ஆய்வின்படி இந்தியாவில் அறுபது வயசு தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு இது இருக்கிறது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். இதில் பெரும்பாலானவர்களை வீட்டில் மகளோ மருமகளோதான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் போனபிறகு, இல்லங்களும் நர்சிங் ஹோம்களும் ஊருக்கு ஊர் முளைக்கின்றன. அங்கே வேலை பார்க்கிற ஆயாக்களுக்கு இடுப்பில் தாங்கித் தூக்கத் தெரியும், ஊட்டத் தெரியும், துடைக்கத் தெரியும். மறதி வந்த மனுஷியோடு எப்படிப் பேசுவது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மாத்திரை விவகாரம் நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் 2009-ல் அரசாங்கத்துக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி ஓர் அறிக்கை கொடுத்தார். டிமென்ஷியா வந்தவர்களில் சுமார் 1,80,000 பேருக்கு, கடுமையான மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். அதில் பலன் அடைவது சுமார் 36,000 பேர்தான். அந்த மாத்திரையால் வருஷத்துக்கு 1,800 பேர் கூடுதலாகச் சாகிறார்கள் என்று போட்டு உடைத்தார். சிலருக்கு, சில நாட்களுக்கு அந்த மாத்திரை தேவைதான். ஆனால் ‘தொந்தரவு பண்ணாம இருக்கணும்’ என்பதற்காகக் கொடுப்பது வைத்தியமா, பூட்டா?

அதே இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்று ஒருத்தர் இருந்தார். 1997-ல் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். அவர் சொன்னது ரொம்ப சிம்பிளான சமாசாரம். மறதி நோய்க்காரரைப் பார்க்கும்போது முதலில் நோயைப் பார்க்காதே, ஆளைப் பார். மூளை பழுதானது பாதிக் காரணம்தான். சுற்றி இருப்பவர்கள் நடத்துகிற விதமும் அவரை மோசமாக்கும் என்றார்.

என்னென்ன விதம்? ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். குழந்தை மாதிரிக் கொஞ்சுவது. அவரால் முடிகிற வேலையையும் பிடுங்கிச் செய்வது. அவர் வேகத்துக்குக் காத்திருக்காமல் அவசரப்படுத்துவது. அவர் இருக்கும்போதே அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவது. ஏமாற்றிக் காரியம் சாதிப்பது. முத்திரை குத்துவது. இதையெல்லாம் செய்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, பழக்கத்தில் செய்கிறார்கள் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தேன். அத்தனையும் அந்த இல்லத்தில் நடந்திருந்தது. பாதியை நானே செய்திருந்தேன்!

மலைக்கு ஒரு நடை

சரி, ஆளைப் பார் என்றால் எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த அம்மாயி, சமவெளிக்கு வந்து ரிடையரான அம்மாயி. அதற்கு முன்னால் ஐம்பது வருஷம் அவள் வாழ்ந்த இடம் எமரால்டு. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

ஊட்டிக்கு வருகிறவர்கள் பொட்டானிக்கல் கார்டன், படகு வீடு, தொட்டபெட்டா என்று மூன்று இடத்தில் முட்டி மோதிவிட்டு, வர்க்கி பொட்டலத்தோடு இறங்கிவிடுவார்கள். எமரால்டு அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஊட்டியிலிருந்து பாலாடா, இத்தலார் வழியாகப் போக வேண்டும். வழியெல்லாம் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் தோட்டங்கள். மேலே தேயிலை. கீழே பெயருக்கேற்ற பச்சையில் அணைத் தண்ணீர். 1950-களின் கடைசியில் கனடா நாட்டு உதவியோடு குந்தா நீர்மின் திட்ட வேலை நடந்தபோது, சமவெளியிலிருந்து வேலைக்கு மலையேறினவர்களில் என் தாத்தாவும் ஒருத்தர. 1962-ல் கல்யாணமாகி, பதினெட்டு வயசில் அம்மாயி போய்ச் சேர்ந்தாள். அணை வேலை முடிந்தும் அவர்கள் இறங்கவில்லை. அம்மாயி தேயிலை பறிக்கப் போய்விட்டாள்.

அவளோடு சேர்ந்து பறித்த ஒரு பெரியம்மா இன்னும் அங்கே இருக்கிறார். ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ரிப்போர்ட் நோட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தம்மா என்னை ஏதோ வேற்று ஜாதி மிருகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“காலைல ஆறு மணிக்குத் தலையில பச்சைத் தண்ணி ஊத்துனா அடிக்காம என்ன பண்ணுவா? இந்த ஊர்ல யாரப்பா விடியக்காலம் குளிச்சாங்க? பனி கொட்டும். வேலைக்குப் போயிட்டு வந்துதான், விறகு அடுப்புல வெந்நி காய வெச்சுக் குளிப்போம்.”

ஆச்சா, ஒன்று.

“செடியைப் பிச்சாளாமா? எங்க பிச்சா? நுனியிலயா, அடியிலயா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லத்துத் தோட்டத்தில் குரோட்டன்ஸ் செடிகள் வேரோடு பிடுங்கப்படவில்லை. கிளை முறியவில்லை. நுனிக் கொழுந்து மட்டும், ஒரே சீராக, மேஜை மாதிரி மட்டம் பார்த்துக் கிள்ளப்பட்டிருந்தது!

“அது சேட்டை இல்லையப்பா. டியூட்டி பார்த்திருக்கா.”

இரண்டு இலை, ஒரு கொழுந்து. நாற்பது வருஷம் விரல்களுக்குப் பழகின வேலை. பேரன் பெயரை மறந்த மூளை, அதை மறக்கவில்லை.

“சரி பெரியம்மா, நாலு மணிக்கு பஸ்ஸு போயிரும், கேட்டைத் தொறன்னு கத்துறாளே? எமரால்டுக்கு வரணும்னுதானே?”

அவர் பூண்டை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

“அவ எங்கப்பா பஸ் ஏறுனா? உங்கம்மா ஊட்டியில பிளஸ் டூ படிச்சா இல்ல... சாயந்திரம் அவ வர்ற பஸ்ஸுக்குத்தான் போய் நிப்பா. காட்டெருமை நடமாட்டம். பொண்ணு தனியா நடந்து வரக்கூடாதுன்னு, இலையை எடை போட்ட கையோட ஓடுவா. மழையா இருந்தாலும் சரி, காய்ச்சலா இருந்தாலும் சரி. பாப்பா வர்ற பஸ்ஸு, பாப்பா வர்ற பஸ்ஸுன்னு உசிரை விடுவா.”

பாப்பா. என் அம்மாவை அம்மாயி கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டாள். எனக்குத் தெரியும். தெரிந்தும், பஸ்ஸையும் பாப்பாவையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. இல்லத்தில் ‘பாப்பா, பாப்பா’ என்று அழுதவளிடம் குழந்தைப் பொம்மையைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வீசி எறிந்ததும் நோட்டில் ஏறிவிட்டது. அதைவிடக் கொடுமை, ஒரு முறை நானே, “பாப்பா செத்து அஞ்சு வருஷமாச்சு அம்மாயி, ஞாபகமில்லையா?” என்று உண்மை விளம்பி ஆகியிருக்கிறேன். அவளுக்கு அது ஐந்து வருஷத்துப் பழைய சேதி இல்லை. அந்த நிமிஷம்தான் மகள் செத்தாள். அலறின அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதேன். பக்கத்து சீட்காரர், “குளிருதுங்களா?” என்று ஜன்னலைச் சாத்தினார்.

ஒரே ஒரு பக்கம்

மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். தலைப்பு: ‘எங்க அம்மாயி’. எந்த ஊர், என்ன வேலை, எப்போது குளிப்பாள், எப்படிப்பட்ட டீ பிடிக்கும் (வெல்லம் போட்ட கடுங்காப்பி போதும், பால் டீ ஆகாது), யார் பாப்பா, எதற்காக நாலு மணி. ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. மேனேஜரம்மா படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். “இதை நீங்க சேர்க்கும்போதே குடுத்திருக்கலாமே சார்?” என்றார். நியாயமான கேள்வி. அட்மிஷன் ஃபாரத்தில் சுகர், பிரஷர், ஆதார் எல்லாம் கேட்டிருந்தார்கள். அம்மாயி யார் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாற்றம் சினிமாவில் வருகிற மாதிரி ஒரே பாட்டில் நடந்துவிடவில்லை. குளியலை மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றினார்கள், வெந்நீரில். அடி நின்றது. கோயமுத்தூர் வெயிலில் எதற்கு என்று கழற்றி வைத்திருந்த ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தார்கள். (வேர்க்கட்டுமே, அவளுக்குப் பிடித்திருக்கிறது!) ஓர் ஆயாவுக்கு நல்ல யோசனை வந்தது. காலை பத்து மணிக்கு முறத்தில் முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து வைத்து, “அம்மா, இதைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க” என்றிருக்கிறார். அம்மாயியின் விரல்கள் உருவின வேகத்தைப் பார்த்து சமையல்காரரே அசந்துவிட்டாராம். குரோட்டன்ஸ் பிழைத்தது. அந்த ஆயாவும் அம்மாயியும் இப்போது ஒரு செட். கீரை முடிந்ததும் அம்மாயி கேட்பாள்: “எத்தனை கிலோ வந்துச்சு?” ஆயா சொல்லுவார்: “இன்னிக்கு உங்களுதுதான் ஜாஸ்தி!”

நாலு மணிதான் கஷ்டம். மறதி நோயாளிகளில் பல பேருக்குச் சாயங்காலம் ஆனால் படபடப்பு ஏறும். பகலெல்லாம் சேர்ந்த அசதி, மங்கும் வெளிச்சம், மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பழுதானது எல்லாம் சேர்ந்த வேலை அது. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலி போட்டார்கள். மூன்றே முக்காலுக்கே கடுங்காப்பி. யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, “பாப்பா என்ன படிக்குது? கெட்டிக்காரியா?” என்று கேட்பார்கள். அவ்வளவுதான். பஸ் வரும் என்று பொய்யும் இல்லை. பாப்பா செத்துவிட்டாள் என்கிற அடியும் இல்லை. அவள் பாப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள். இருட்டினதும் உள்ளே வந்துவிடுவாள். சில நாள் வரமாட்டாள், அழுவாள். அந்த நாளும் உண்டு. டாக்டர் இரண்டு மாதத்தில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.) இட்லியை இப்போது மென்று சாப்பிடுகிறாள்.

வாரம் ஒரு மணி நேரம்

‘ஏதோ உங்க அதிர்ஷ்டம்’ என்று நினைக்காதீர்கள். இதை முறையாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பேராசிரியர் கிளைவ் பல்லார்ட் குழுவினர் 69 நர்சிங் ஹோம்களில், 800-க்கும் மேற்பட்ட மறதி நோயாளிகளை வைத்து, ஒன்பது மாதம் ஓர் ஆய்வு நடத்தி 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதி ஹோம்களில் வழக்கமான கவனிப்பு. மீதிப் பாதியில் இரண்டிரண்டு ஊழியர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்குத் தகுந்த கவனிப்பு என்றால் என்ன என்று பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் பிடித்தது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவரோடு பேச, பழகச் செலவழிக்க வேண்டும். விளைவு? நோயாளிகளின் வாழ்க்கை மேம்பட்டது, ஆவேசம் குறைந்தது. என் மாதிரி பி.காம். ஆசாமிகளுக்கு ஓர் உபரித் தகவல்: செலவும் குறைந்தது!

வாரம் ஒரு மணி என்றால் ஒரு நாளைக்கு ஒன்பது நிமிஷம் கூட இல்லை. ஒரு டி.வி. சீரியலின் விளம்பர இடைவேளைகளைக் கூட்டினாலே அதைவிட ஜாஸ்தி வரும்.

ஜெர்மனியில் டியுசல்டார்ஃப் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் பஸ் ஸ்டாப் ஒன்று வைத்தார்கள். போர்டு இருக்கும், பெஞ்சு இருக்கும், பஸ் மட்டும் வராது! ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கிளம்பும் முதியவர்கள் அங்கே உட்கார்ந்து, ஆசுவாசமாகி, திரும்பி உள்ளே வந்துவிடுவார்கள். உலகம் பூராவும் இது பேசப்பட்டது. ‘இதுவும் ஏமாற்று வேலைதானே?’ என்று எதிர்ப்பும் வந்தது. எனக்கும் இரண்டு மனசுதான். ஆனால் பெஞ்சை விட முக்கியமானது, அதில் பக்கத்தில் யாராவது வந்து உட்காருகிறார்களா என்பது. நெதர்லாந்தில் 2009-ல் ஹோகவே என்று ஒரு கிராமத்தையே மறதி நோயாளிகளுக்காகக் கட்டியிருக்கிறார்கள். கடை, ஓட்டல், தியேட்டர் எல்லாம் உண்டு. நமக்கு அவ்வளவு வசதி வேண்டாம். ஒரு முறம் கீரை போதும்.

அல்ஸைமர் என்ற பெயருக்குக் காரணமான டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமரே இதற்கு முன்னுதாரணம். 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரியில் ஆகஸ்ட் டீட்டர் என்கிற 51 வயசுப் பெண்மணியிடம் உட்கார்ந்து, கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் அப்படியே எழுதி வைத்தார். மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்பது உட்பட! தொலைந்துபோன அந்த ஃபைல் 1995-ல்தான் மறுபடி கிடைத்தது. அந்த நோய்க்கு மருந்து கையில் இல்லாத காலத்திலும், உட்கார்ந்து கேட்க ஒரு நாற்காலி இருந்திருக்கிறது.

நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-ல் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பே வந்துவிட்டது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு சென்னையில் டிமென்ஷியாவுக்கும் சிகிச்சையும் பயிற்சியும் தருகிறது. கேரளத்தில் 1992-ல் ஆரம்பித்து நாடு முழுக்கக் கிளைகளோடு இயங்குகிறது இந்திய அல்ஸைமர் சங்கம். பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் இருக்கிறது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

சட்டமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஆனால் வெந்நீரில் குளிப்பாட்டு, ஸ்வெட்டரைக் கழற்றாதே, பாப்பாவைப் பற்றிக் கேள் என்றெல்லாம் சட்டம் போட முடியாது. அதைக் குடும்பம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

இல்லத்தில் சேர்க்கும்போது இதை எழுதிக் கொடுங்கள்

1. எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்? (என் அம்மாயியை ‘பாட்டி’ என்றால் திரும்பமாட்டாள். ‘அம்மா’ என்றால் உடனே திரும்புவாள்.)

2. என்ன வேலை பார்த்தார்? கைகளுக்கு என்ன பழக்கம்?

3. தாய்மொழி எது? பின்னால் கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி நிற்கும். நீலகிரியிலிருந்து இறங்கிய படுகப் பாட்டி, கோவை இல்லத்தில் ஒரு நாள் தமிழையே மறந்துவிட்டு நிற்கலாம். ‘உளறுகிறார்’ என்று எழுதும் முன் அது படுக மொழியா என்று பாருங்கள்.

4. குளியல், தூக்கம், சாப்பாடு: வீட்டு வழக்கம் என்ன?

5. எதற்குப் பயம்? இருட்டா, நாயா, ஆம்பளை ஆளா?

6. அடிக்கடி சொல்லும் பெயர்கள் யாருடையவை?

7. எந்தப் பாட்டு, எந்தச் சாமி?

8. வலி வந்தால் எப்படிக் காட்டுவார்? திடீரென்று சேட்டை அதிகமானால் முதலில் மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு, பல்வலி இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத வலிதான் பல நேரம் கோபமாக வெளியே வருகிறது.

இன்னொன்று. மறதி என்றதும் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு, பி-12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரி செய்ய முடியும். முதலில் டாக்டர், அப்புறம் இல்லம்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். நாலு மணி. கேட்டுப் பக்கத்தில் ஸ்வெட்டரோடு அம்மாயி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ‘நான் யாருன்னு தெரியுதா?’ கேட்கவில்லை. அந்தப் பரீட்சையை ரத்து செய்துவிட்டேன்.

அவளே கேட்டாள்: “நீங்க எந்த ஊருங்க?”

“எமரால்டுங்க.”

“அட, நம்மூரு! இப்ப வந்த பஸ்ஸுலயா வந்தீங்க? பாப்பா ஏறியிருந்தாளா?”

“பாப்பா எப்படி இருக்கும்ங்க?”

சொல்ல ஆரம்பித்தாள். ரெட்டைச் சடை, நீலப் பாவாடை, கையில் புஸ்தகப் பை, கணக்கில் புலி. எனக்குத் தெரியாத அம்மா ஒருத்தி, ஊட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்தது. கிளம்ப எழுந்தேன். அம்மாயி என் தலையைப் பார்த்தாள். கோயமுத்தூரில் அன்றைக்குப் புழுக்கம் தாங்கவில்லை.

“வெறும் தலையோட போகாதீங்க. பனி இறங்கிருச்சு” என்று தன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.